*சைவஸ்: வேர் எங்கே?

கேள்வி: முந்து ஜெர்மானிய (ஆங்கிலம், ஜெர்மன் முதலியவற்றின் தாய்மொழி) *சைவஸ் (கடல், ஏரி; * குறி, எழுத்துச் சான்று இல்லாமல் மீட்டுருவாக்கிய வடிவம் என்பதற்கு) இந்தோ-ஐரோப்பியச் சொல்லா, வேற்றுமொழிக் கடனா?

பதில் 1: (நம் சைவத்தோடு முடிச்சுப் போட வேண்டாம்!) 'சொட்டு, வடி' எனப் பொருள்படும் *ஸெய்க்வ் என்ற இந்தோ-ஐரோப்பிய வேரைக் காட்டுவார்கள். ஒலி பொருந்துகிறது: வேரின் 'க்வ்' ஜெர்மானியத்தில் ஹகரம் போன்ற உரசொலியாகும்; அழுத்தம் வேரில் இல்லாமல் விகுதியில் இருந்தால், வெர்னர் விதிப்படி (அழுத்தத்தின் இடத்தைப் பொறுத்த ஜெர்மானிய ஒலிமாற்ற விதி) அந்த உரசொலி அதிர்வு பெற்று, பின் வகரமாகத் தேயும். வேரில் அழுத்தம் நின்ற பழைய உயர் ஜெர்மன் 'சீஹன்' (வடிகட்டு) ஹகரத்தைக் காத்தது.

பதில் 2: 'சொட்டு' எங்கே, 'கடல்' எங்கே? பொருள்தான் இடிக்கிறது. ஆனால் கோத்திக் (பழைய ஜெர்மானிய மொழி ஒன்று) 'சைவ்ஸ்' ஏரி, சதுப்பைக் குறிக்கும். நீர் கசிந்து தேங்கிய இடம் என்றால் ஒப்பலாம். இன்றைய ஜெர்மனிலும் 'ஸே' ஆண்பாலில் ஏரி, பெண்பாலில் கடல்.

பதில் 3: ஜெர்மானியத்துக்கு வெளியே உறுதியான இணைப்பெயர் (ஒரே மூலத்தில் பிறந்த உறவுச் சொல்) கிடையாது; அதனாலேயே கடன் என்றாகிவிடாது. லத்தீன் 'மரே'வின் (கடல்) உறவான *மரி என்ற ஜெர்மானியச் சொல்லும் பக்கத்திலேயே இருந்தது. கோத்திக் இரண்டையும் ஒட்டி 'மரிசைவ்ஸ்' என்கிறது.