அப்பாவின் மூளையில் டோபமின் வருவதைப் பார்க்க முடியுமா?

முழங்காவில்காரி:
அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று சொல்லி மூன்று வருடம். வயல் விதைத்த கை, இப்போது தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் பாதி சாரத்தில்தான். காலைக் குளிசை போட்டால் அடங்கும், பதினொரு மணிக்குத் திரும்ப ஆடும். மத்தியானக் குளிசை சில நாள் கேட்பதே இல்லை. போன கிழமை ஒரு வீடியோவில், எலி சீனித்தண்ணி நக்கியவுடன் மூளையில் டோபமின் (பார்க்கின்சனில் குறைந்துபோகும் மூளை இரசாயனம்) வருவதைப் பச்சை வெளிச்சமாகக் காட்டினார்கள். அப்பாவுக்கும் அப்படிப் பார்த்துக் குளிசையைச் சரிக்கட்டலாம்தானே? கொழும்பில் செய்வார்களா?

ஒட்டுசுட்டான் பெடியன்:
அக்கா, அது ஆய்வுகூட எலிக்குச் செய்வது, மனிதருக்கான சோதனை இல்லை. நான் இப்படியொரு ஆய்வுகூடத்தில்தான் வேலை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

நீங்கள் கண்ட பச்சை டோபமினுடையது இல்லை. டோபமின் வந்து ஒட்டும் ஏற்பிப் புரதத்துக்குள், ஜெலிமீனில் இருந்து கிடைத்த பச்சைப் புரதத்தைச் செருகியிருக்கிறார்கள். (1962இல் ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்த அதே புரதம்தான், 2008இல் நோபல் வாங்கிக்கொடுத்தது.) டோபமின் ஒட்டினால் ஏற்பி வளையும், பச்சைப் புரதமும் உருமாறும். நீல ஒளி பாய்ச்சிக்கொண்டிருந்தால் பச்சை கூடும். டோபமின் கழன்றதும் மங்கும். இரணைமடுக் குளத்தில் நீர்மட்டம் பார்க்கும் கட்டை மாதிரி: தண்ணி வேறு, கட்டை வேறு. இப்படிப் பச்சை காட்டும் புரதங்களில் டிலைட், கிராப் என்ற இரண்டு வகையும் 2018இல் வந்தவை. நுண்குழாயால் மூளைத் திரவம் எடுத்துச் சோதிக்கும் பழைய முறையில் நிமிடக்கணக்கு ஆகும். இதில் நொடிக்குள் தெரியும்.

ஆனால் அந்தப் புரதத்தை மூளைக் கலங்களே செய்யவேண்டும். மரபணுவை ஒரு வைரசில் ஏற்றி, மண்டையோட்டில் துளையிட்டு ஊசியால் விட்டு, சில கிழமை பொறுத்து, மெல்லிய கண்ணாடி இழையால் ஒளியை வாங்குகிறோம். அதையும் அப்படியே நம்பமுடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒளி வரைபடத்தில் 'டோபமின்!' என்று நான் துள்ளிய மேடு, எலி தலையைச் சொறிந்த நேரம். டோபமினைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத 405 நனோமீற்றர் ஊதா ஒளியிலும் அதே மேடு இருந்தது! அப்படியென்றால் அது டோபமின் இல்லை, தலை ஆடியதுதான்.

மனிதருக்குக் கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் பெட், ஸ்பெக்ட் ஸ்கான் உண்டு. டோபமின் நரம்பு நுனிகள் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். பதினொரு மணிக்கு என்ன நடக்கிறது என்று அதில் தெரியாது.

கிளினிக் தாதி:
பிள்ளை, ஒரு கொப்பியில் குளிசை நேரம், சாப்பாடு, நடுக்கம் தொடங்கின நேரம் மூன்றையும் பத்து நாள் எழுதுங்கோ. குளிசை லெவோடோபா (மூளையில் டோபமினாக மாறும் மருந்து) என்றால், மீன், இறைச்சி, பருப்போடு போடும்போது சிலருக்குச் சரியாகப் பிடிக்காது. நீங்களாக நேரத்தை மாத்தாமல் கொப்பியை டொக்டரிடம் காட்டுங்கோ.

முழங்காவில்காரி:
மத்தியானம் மீன்குழம்பு இல்லாமல் அப்பாவுக்குச் சோறு இறங்காது. குளிசையும் அதே கோப்பைக்குப் பக்கத்தில்தான். கொப்பி வாங்கிவிட்டேன். தம்பி, அப்பா கேட்கிறார், எலிக்கு நோகாதோ என்று.

ஒட்டுசுட்டான் பெடியன்:
மயக்கிவிட்டுத்தான் செய்கிறோம் என்று சொல்லுங்கோ அக்கா. எழும்பினதும் நோவு மருந்தும் உண்டு.