ஏலக்காட்டு மருந்தும் ஓடைக்கு அந்தப் பக்கத்து மலைத்தேனீயும்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

போடிக்காரன்:

நான் போடி. எட்டு வருடமாக ஏலக்காட்டில், அதாவது ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை, இப்போது சூப்பர்வைசர், சம்பளம் மட்டும் இன்னும் அந்தப் பெயருக்கு வந்து சேரவில்லை. விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி இடுக்கிப் பக்கம் இறங்கினால் எங்கள் எஸ்டேட். ஒரு எல்லையில் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. காட்டோரத்தில் ஒரு பழைய முள்ளிலவு நிற்கிறது. மலைத்தேனீ வருடா வருடம் வந்து அதில்தான் கூடு கட்டும். பொந்துக்குள் இல்லை, கொம்பின் அடியில் வெட்டவெளியில், முறம் அளவுக்கு ஒற்றை அடை, சிலது முறத்தைவிடப் பெரிசு. மூன்று வருடத்துக்கு முன்னால் எண்ணினேன், 14 கூடு.

அந்த வருடம் மே கடைசி. மழை பிடிக்கும் முன்னால் மருந்தடித்து முடிக்க வேண்டும் என்று முதலாளிக்கு அவசரம், காலை ஆறரைக்கே மோட்டாரைப் போட்டு ஓஸை இழுத்துவிட்டார்கள். ஏலம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பூ உச்சியில் இருக்காது, தூரடியில் தரையோடு தரையாகச் சரம் ஓடும், பூவெல்லாம் அந்தச் சரத்தில். வெள்ளை இதழ், நடுவில் ஊதாக் கோடு. விடிகாலையில் விரிந்து மாலைக்குள் வாடிவிடும், ஒரே நாள் ஆயுசு, அதிலும் காலை நேரம்தான் தேனீக்கான நேரம், எங்கள் பேச்சில் ஈ. ஈ வந்து தலையை உள்ளே நுழைத்தால்தான் காய், தானாகப் பிடிக்காது, பூவின் அமைப்பே அப்படி. சரியாக அந்த நேரம் பார்த்து மருந்து.

பதினொரு மணி வாக்கில் படுதாக் குளத்துக்குப் போனேன், படுதா விரித்துத் தண்ணீர் தேக்கும் குளம். தண்ணீர் ஓரத்தில் பழுப்பாக ஏதோ ஒதுங்கியிருந்தது, சருகு என்று நினைத்தேன், கிட்டே போனால் அவ்வளவும் ஈ. கரையில் ஒன்று இன்னும் சாகவில்லை. மல்லாந்து கிடந்து தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது, நாக்கு முழுசாக வெளியே நீட்டியபடி. சுற்றும், நிற்கும், ஆறு காலும் நடுங்கும், மறுபடி சுற்றும். பின்னங்காலில் சேர்த்த மகரந்தம் கடுகு அளவுக்கு உருண்டையாக அப்படியே ஒட்டியிருந்தது. நான் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன செய்வதென்று தெரியவில்லை.

எங்களோடு காய் எடுக்கும் அக்கா ஒருவர், 30 வருடமாக வருகிறவர், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாப்பாட்டு நேரம் பாத்து அடுப்படியில போயி மருந்தடிச்சா வீட்டுல எவன்டா தம்பி இருப்பான்?"

மறுவாரம் ஓடையைத் தாண்டி முள்ளிலவு அடிக்குப் போனேன். நாலு அடை வெறுமையாக வெளுத்துத் தொங்கின, கீழே புல்லெல்லாம் செத்த ஈ. முதலாளியிடம் சொன்னதற்கு, "காட்டு ஈக்கெல்லாம் நானா பொறுப்பு?" என்றார். ஆனால் அந்த வருடம் சரம் நிறையப் பூவிருந்தும் காய் குறைவு என்று அவரே புலம்பினார். வெறும் மருந்தால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், மழையும் அந்த வருடம் ஒழுங்கில்லை. உங்கள் பக்கம் காட்டை ஒட்டி விவசாயம் இருந்தால் என்ன பார்த்தீர்கள், எழுதுங்கள்.

கோத்தகிரி:

அண்ணா, எங்கள் வீட்டுக்கு ரெண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது, அதனால் என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன். மருந்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், தேயிலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பார்க்கப் பச்சைப்பசேல் என்று மலையே மூடியிருக்கும், டூரிஸ்ட் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். ஆனால் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் செடி பூப்பது எப்படி? ஈயின் கண்ணில் அது வெறும் பொட்டல். மேலே போனால் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், அதெல்லாம் பூக்கும் முன்பே பிடுங்கி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் போய்விடும். சோலையும் புல்வெளியும் இருந்த இடம் இவ்வளவும்.

குறும்பர் ஊரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு, அவர்கள் பாறைத்தேன் எடுக்கப் போகும்போது ரெண்டு தடவை கூடப் போயிருக்கிறேன். பாறையின் மேலே கயிற்றைப் பிடித்து நிற்பது மச்சான்தான். "தங்கச்சி வாழ்க்கை அவன் கையில இருக்கு, அவன் விடமாட்டான்" என்று சிரிப்பார். கீழே தொங்குகிறவர் அடையில் தேன் இருக்கிற பாகத்தை மட்டும் அறுத்துக்கொண்டு, புழு இருக்கிற பாகத்தை விட்டுவிடுவார். இங்கே கீஸ்டோன் அறக்கட்டளைக்காரர்களும் 1990களிலிருந்து தேன் எடுப்பவர்களோடு சேர்ந்து இதைத்தான் வலியுறுத்துகிறார்கள். நண்பரின் அப்பா காலத்தில் அந்தப் பாறையில் அடைக்கு அடை முட்டிக்கொண்டு தொங்குமாம், நான் போனபோது ஏழு. பெரியவரிடம் ஏன் என்று கேட்டேன். மழை, தீ, உண்ணிச்செடி, மேலே தேயிலை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "ஈக்கு வருசம் பூராவும் பசிக்கும்ல" என்றார். எனக்கு அதுதான் மண்டையில் நிற்கிறது.

குடகு ரைட்டர்:

குடகில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை, சொந்த ஊர் தேனி பக்கம். என் அனுபவம் கொஞ்சம் மாறுபட்டது, சண்டைக்கு வராதீர்கள்.

ரொபஸ்டா காபி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, வேறு செடியிலிருந்து வர வேண்டும். கொஞ்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும், மிச்சத்துக்கு மலைத்தேனீ. காபியைப் பூக்க வைக்கும் முதல் மழை, பூ மழை என்போம், அது விழுந்து எட்டு பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளை, மல்லிகை மாதிரி வாசம் ஊரைத் தூக்கும், காலையில் உள்ளே போய் நின்றால் தலைக்கு மேலே மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல். மூன்று நான்கு நாளில் எல்லாம் முடிந்து பூ கருகிவிடும். இப்போது மழைக்கு யாரும் காத்திருப்பதில்லை, பிப்ரவரி மார்ச்சிலேயே ஸ்பிரிங்க்ளர் வைக்கிறார்கள். முதலில் நான் அதைத் தப்பு என்றுதான் நினைத்தேன், இயற்கையோடு விளையாடுகிறார்கள் என்று. ஆனால் நம்ம தோட்டம் இந்த வாரம், பக்கத்துத் தோட்டம் அடுத்த வாரம் என்று நீர் விடுவதால் பூவும் தள்ளித் தள்ளி வருகிறது, ஈக்கள் இங்கே முடித்துவிட்டு அங்கே போகின்றன. எல்லாம் ஒரே நாளில் பூத்தால் அத்தனை பூவுக்கும் ஈக்கு எங்கே போவது? ஆக விவசாயம் செய்வதெல்லாம் கெடுதல் என்று சொல்ல முடியாது.

ஆனால் கோத்தகிரிப் பெரியவர் சொன்ன பசிக் கணக்கு இங்கேயும் உண்டு. காபிப் பூ முடிந்தபின் அந்த ஈக்கு என்ன இருக்கிறது? முன்பு நிழலுக்கு நாவல், வேங்கை, அத்தி, ஈட்டி என்று காட்டு மரங்களே நிற்கும், ஒன்று விட்டு ஒன்று பூக்கும். இப்போது வெட்டிய இடத்திலெல்லாம் சில்வர் ஓக், ஏனென்றால் மிளகு ஏற்றலாம், விற்றால் உடனே காசு. சில்வர் ஓக்கிலும் பூ உண்டு, ஈ உட்காரும், மறுக்கவில்லை. ஆனால் கூடு கட்ட அதில் கொம்பு ஏது? கம்பம் மாதிரி நேராகப் போகிறது. மலைத்தேனீக்குப் பக்கவாட்டில் ஓடும் தடித்த கொம்பு வேண்டும், இப்போது அந்த மாதிரி மரங்கள் நிறைய மிஞ்சியிருப்பது தேவரகாடுகளில்தான். சாமிக்குப் பயந்து விட்ட காடு, எங்கள் காபியைக் காய்க்க வைக்கிறது.

ஒரு கொசுறு. 2004இல் கோஸ்டா ரிகாவில் ஒரு காபிப் பண்ணையை ஆராய்ந்தார்கள். காட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த செடிகளில் காட்டுத் தேனீக்களால் விளைச்சல் 20 சதவீதம் அதிகம், பீபெரி 27 சதவீதம் குறைவு. மகரந்தம் சரியாகச் சேராமல் ரெண்டு பருப்பில் ஒன்றுதான் வளர்ந்தால் அந்த உருண்டை பீபெரி. நம்ம ஆட்கள் கடையில் நின்று பீபெரிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள், ஈ வராத பூவையும் சேர்த்து அரைத்துக் குடிக்கிறோம் என்று யாருக்குத் தெரியும்.

ரெண்டு ஏக்கர்:

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். நான் ரெண்டு ஏக்கர் ஏலம், அதுவும் குத்தகை. இலைப்பேன் விழுந்தால் காய் மேலெல்லாம் சொறி, ஏலம் விடும் இடத்தில் கொண்டுபோய் வைத்தால் பாதி விலை. தண்டுதுளைப்பான் வந்தால் தூரே போச்சு. பக்கத்து எஸ்டேட்காரன் 20 நாளைக்கு ஒரு தடவை அடிக்கிறான், நான் அடிக்காவிட்டால் அங்கிருக்கிற பூச்சியெல்லாம் என் காட்டுக்கு வருகிறது. காலையில் அடிக்காமல் சாயங்காலம் அடிக்கலாமே என்பீர்கள், மருந்தடிக்கிற ஆள் நாலு மணிக்கு ஜீப் ஏறிவிடுவான், மதியத்துக்கு மேல் மழை வேறு. ஈ செத்தால் எனக்கும் வருத்தம்தான், கடன்காரன் அதைக் கேட்பானா? ஐரோப்பாவில் இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்தைத் திறந்தவெளிப் பயிருக்கு 2018இலேயே நிறுத்திவிட்டார்கள் என்று ஒருவர் எனக்கு அனுப்பினார். இங்கே கடையில் கேட்டால் முதலில் எடுத்துக் கொடுப்பதே அதுதான். நான் என்ன செய்ய?

மார்த்தாண்டம்:

ரெண்டு ஏக்கர்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவரைப் பார்த்துக் கல்லெறிய வேண்டாம்.

எங்கள் பக்கம் ரப்பர். ஜனவரி கடைசியில் பழைய இலை கொட்டிப் புது இலை துளிர்க்கும், அப்போது மூன்று இலை சேருகிற காம்பு நுனியில் தேன் கசியும். பூத் தேன் இல்லை, இலைத் தேன். பெட்டியில் தேனீ வளர்க்கிற நாங்கள் எல்லாரும் அதை நம்பித்தான் இருக்கிறோம். கசியும் நாளில் பெட்டி நிரம்பும், காட்டுப் பக்கத்து மலைத்தேனீயும் வரும். ஆனால் காம்பில் தேன் கசிகிறதே தவிர மகரந்தம் கிடைக்காது. தேன் மட்டும் குடித்தால் ஈ பறக்கும், புழு வளராது. புழுவுக்குச் சத்து மகரந்தம். அதனால் காடும் தோப்பும் பக்கத்தில் இருக்கிறவர் பெட்டி நிற்கிறது, சுற்றிலும் ரப்பர் மட்டும் உள்ளவர் பெட்டி சீசன் முடிந்ததும் இளைத்துப்போகிறது. எங்கள் அப்பா இதை "சோறு உண்டு, குழம்பு இல்ல" என்பார்.

1991, 92இல் புழு அழுகும் வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்க நாங்கள் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீ பெட்டி பெட்டியாகச் செத்தது, எங்கள் வீட்டில் 60 பெட்டியில் 3 மிஞ்சியது. பிறகு மறுபடி பெருக்க ஈயை எங்கிருந்து கொண்டுவந்தோம் என்று நினைக்கிறீர்கள்? காட்டு மரப்பொந்திலிருந்துதான். அந்தப் பொந்தும் இல்லாமல் போனால் அடுத்த தடவை எங்கே போவது என்று அப்பா அடிக்கடி கேட்பார்.

போடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு ஏக்கர் அண்ணே, உங்களைக் குறை சொல்லவில்லை, எங்கள் எஸ்டேட்டிலேயே இதை மாற்ற எனக்கு ஒரு வருடம் ஆனது. காய் குறைந்த கணக்கை எழுதிக் காட்டினேன், அதற்குத்தான் முதலாளி மசிந்தார், ஈக்காக இல்லை. இப்போது காலையில் ஓஸ் இழுப்பதில்லை, ரெண்டரைக்கு மேல்தான். ஆளுக்குக் கூட 100 ரூபாயும் தனி ஜீப்பும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஓடையோரம் நாலு வரிசைக்கு மருந்தே கிடையாது, அந்த வரிசையில் பேன் இருக்கத்தான் செய்கிறது. படுதாக் குளத்தில் பழைய சாக்கை மிதக்கவிட்டிருக்கிறோம், ஈ உட்கார்ந்து தண்ணி குடிக்க. அது அந்த அக்கா யோசனை.

முள்ளிலவு கதைதான் சோகம். போன டிசம்பரில் யாரோ கவாத்து என்ற பேரில் அதன் கீழ்க்கொம்பு ரெண்டையும் இறக்கிவிட்டார்கள், ஓடைக்கு இந்தப் பக்கம் வெளிச்சம் விழவில்லையாம். 14 கூடு இருந்த மரத்தில் இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. இனி வராது என்றே நினைத்தேன். போன வாரம் ஜீப்பில் இறங்கும்போது பார்க்கிறேன், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் அடியில் மூன்று அடை, கருகருவென்று. கையை வீசினால் ஈக்கூட்டம் அலை அடிக்கிறது. பிள்ளைகள் விளையாடுகிற இடம், ஞாயிற்றுக்கிழமை பந்தம் கட்டிக் கொளுத்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான். மார்த்தாண்டம் அண்ணாச்சி, மலைத்தேனீயைக் கொல்லாமல் இடம் மாற்றத் தெரிந்த ஆள் உங்கள் பக்கம் யாராவது இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், ஜீப் செலவு என்னுடையது.