சின்ன ரீஃப் டேங்கில் லைட் மாற்றினீர்களா? நடந்ததைச் சொல்லுங்கள்

உப்புக்காற்று (சென்னை):

இரண்டடி ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. சாஃப்ட் கோரல் (கல் எலும்பு இல்லாத பவளம்) மட்டும்தான்: ஜோவா, மஷ்ரூம், பாறையின் மேல்தட்டில் குடைக்காளான் மாதிரி இரண்டு டோட்ஸ்டூல் லெதர். நான்கு டி5 குழல் விளக்குகளைக் கழற்றிவிட்டு நடுவில் ஒரே ஒரு எல்இடி தொங்கவிட்டேன். மாட்டிய கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விடுங்கள். உறுத்துவது அந்த இரண்டு லெதர்.

இரண்டும் ஒரே தாய்க் கோரலில் வெட்டியவை, ஒரே நாளில் ஒட்டியவை. நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். லைட் மாறிய அதே வாரம் வலது பக்கத்தது சுருங்கிவிட்டது. ஒரு பாலிப்கூட, அதாவது பூ மாதிரி நீளும் சின்ன வாய்கூட, வெளியே இல்லை. மேலே மெழுகுப் பளபளப்பு, அதன்மேல் பழுப்புப் பாசி வேறு. இடது பக்கத்தது எதையும் கண்டுகொள்ளாமல் பாலிப்பை முழு நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒருநாள் லைட் அணைந்த பிறகு செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்க்கிறேன். வேவ்மேக்கர் (தண்ணீரை ஓடவைக்கும் சின்ன மோட்டார்) அடிக்கிற பக்கத்து ஓரத்திலிருந்து தோல் கிளம்புகிறது. காய்ச்சிய பாலின் ஆடை விரலோடு வருமே, அப்படி முழுசாக, கிழியாமல். பாதி உரிந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. க்ளவுன் மீன் ஒன்று வந்து அதைக் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. அடியில் வெளிறிய புதுத் தோல்.

லெதர் தோல் உரிக்கும், அது தெரியும். ஏன் ஒன்று மட்டும்? இதற்குத்தான் இன்னும் பதில் கிடைக்கவில்லை. கடைக்காரர் 60 சதவீதத்தில் வை என்றார், அப்படித்தான் வைத்தேன்.

பீடோக் ரீஃப் (சிங்கப்பூர்):

எனக்கு லெதர் இல்லை, அனிமோன், க்ளவுன் மீன் குடியிருக்குமே அந்தக் கடல் சாமந்தி. பபிள் டிப் வகை. லைட் மாற்றும்வரை ஒரே பொந்தில் காலை ஊன்றி அசையாமல் இருந்த ஜீவன். புது லைட் வந்த பிறகு நடக்க ஆரம்பித்தது. முதலில் பாறைக்குப் பின்னால் போனது, அப்புறம் கண்ணாடியில் ஏறியது, அப்புறம் காணோம். வெளிச்சம் கூடினாலும் போகும், குறைந்தாலும் போகும், அதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

காலையில் எழுந்து வந்தால் டேங்க் தண்ணீர் அரிசி களைந்த நிறத்தில் இருக்கிறது. வேவ்மேக்கர் உறுமிக்கொண்டு நிற்கிறது. அதன் வாயில் பாதி அனிமோன்.

அதைவிட இன்னொன்றுதான் மறக்க மாட்டேன் என்கிறது. அந்தக் கலங்கிய தண்ணீரிலும் இரண்டு க்ளவுன்களும் பழைய பொந்துக்கே போய், வெறும் பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன. தண்ணீர் மாற்றி, நச்சை உறிஞ்சும் கார்பன் போட்டு, மற்ற கோரல்கள் தப்பித்தன. மீனும் பிழைத்தது. அதன் பிறகு அனிமோன் வாங்கவில்லை.

கோவைக் கடல் (கோயம்புத்தூர்):

முதலில் சென்னை நண்பருக்கு. 60 சதவீதம் என்பது ஓர் அளவே இல்லை. எந்த லைட்டின் 60? எவ்வளவு உயரத்திலிருந்து? கீழே லென்ஸ் இருக்கிறதா, 90 டிகிரியா 120 டிகிரியா? மேலே கண்ணாடி மூடி போட்டிருக்கிறீர்களா? மூடியில் உப்புப் படிந்திருக்கிறதா? இவ்வளவும் தெரியாமல் சதவீதம் சொல்கிற கடைக்காரர் உங்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

என் கதை மூன்று வரி. எல்இடி வாங்கினேன். செல்போனில் லக்ஸ் ஆப் போட்டு அளந்தேன், பழைய குழலைவிடக் குறைவாகக் காட்டியது. கூட்டினேன். இன்னும் குறைவாகவே காட்டியது, இன்னும் கூட்டினேன். பச்சையும் ஆரஞ்சுமாக இருந்த ஜோவா, ஒரு காலையில் வெறும் சுண்ணாம்பு நிறம். அந்தத் திரையில் இருந்த எண்ணை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

காரணம் இதுதான். லக்ஸ் என்பது நம் கண்ணுக்காக உண்டாக்கிய கணக்கு. கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் பளிச்சென்று தெரியும். ரீஃப் எல்இடியின் முக்கால்வாசி 450 பக்கத்து ராயல் புளூ. கண்ணுக்கு மங்கல், கோரலுக்குள் இருக்கும் பாசிக்கு விருந்து. அதனால் கவனிக்க வேண்டியது பார் (PAR) என்ற அளவு, அதாவது 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஒளிச்சேர்க்கைக்கு உதவும் மொத்த ஒளி. சாஃப்ட் கோரலுக்கு 50 முதல் 150 வரை போதும். ஹாமர், டார்ச் என்ற பெரிய பாலிப் கல் பவளங்களுக்கும் கிட்டத்தட்ட அதுவே. அக்ரோபோரா என்ற கிளைக் கல் பவளத்துக்கு 200க்கு மேல், 300 தாண்டியும் வைப்பார்கள். அளக்கும் மீட்டரிலும் கவனம் வேண்டும். அப்போஜீயின் பழைய எம்க்யூ-200 நீலத்தைக் குறைத்துக் காட்டும், எம்க்யூ-510 போன்ற முழு நிறமாலை சென்சார்தான் எல்இடிக்குச் சரி. விலை அதிகம். நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள், இல்லை இரவல் வாங்குங்கள்.

லைட்டை 20, 25 சதவீதத்தில் ஆரம்பித்து வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரு மாதம் ஆகும், ஆகட்டும். பாசி ஒரேயடியாக அதிக வெளிச்சம் வாங்கினால் ஆக்சிஜனின் நச்சு வடிவங்கள் சேர்ந்துவிடும். கோரல் அந்தப் பாசியையே வெளியே தள்ளும். நாம் வெளுப்பு என்கிறோமே, அது இதுதான். குறைந்த வெளிச்சத்தில் நேர் எதிர்: பாசி பெருகிக் கோரல் பழுப்பாகும். பழுப்பு ஆபத்தில்லை, வெளுப்புதான் ஆபத்து. ஆகவே சந்தேகம் வந்தால் குறையுங்கள்.

சிங்கப்பூர் நண்பர் வேவ்மேக்கருக்கு ஒரு ஸ்பாஞ்ச் உறை போட்டிருந்தால் அந்த அனிமோன் பிழைத்திருக்கும். இது அடிப்படை.

பீடோக் ரீஃப்:

உறை போட்டிருந்தேன் சார். வேவ்மேக்கர் உறையையும் சேர்த்துத்தான் உள்ளே இழுத்திருக்கிறது. கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

கிள்ளான் பெரியவர் (மலேசியா):

கோவைத் தம்பி, நீங்கள் சொன்னதில் முக்கால்வாசி சரி. "சந்தேகம் வந்தால் குறையுங்கள்" என்ற அந்தப் பேச்சோடு மட்டும் எனக்குத் தகராறு உண்டு. அதே பேச்சைக் கேட்டுத்தான் என் அக்ரோபோரா பாதி போனது.

நான் 150 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குக் காலத்து ஆள். மூன்றடி டேங்க். அந்த விளக்கின் சூட்டைத் தணிக்க ஓரத்தில் இரண்டு சின்ன விசிறி, அவை விடாமல் காற்றடிக்கத் தினமும் தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கும். வற்றுவதை ஈடுகட்ட ஆட்டோ டாப்-அப், வாளியிலிருந்து தானாகத் தண்ணீர் விடும் கருவி. அந்த டாப்-அப் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்துவிடுவேன். வெற்றிலைக்குத் தடவும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான், தூய தூளாக வாங்க வேண்டும். தெளிந்த தண்ணீரை மட்டும் விடுவேன். கால்சியம், கேஎச் (தண்ணீரின் காரத்தன்மை, கோரல் எலும்பு வளர இரண்டும் வேண்டும்) இரண்டும் அதிலேயே நின்றது. வேறு எதுவும் ஊற்றியதில்லை.

பையன் வற்புறுத்தி எல்இடிக்கு மாற்றினான். தண்ணீர் குளிர்ந்தது, விசிறி நின்றது, மின்சாரக் கட்டணம் இறங்கியது. டாப்-அப் வாளி முன்னைவிட ரொம்ப நாள் வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். கோரலுக்கும் முதலில் சந்தோஷம், நுனியெல்லாம் புதுசாக வளர்ந்தது. அப்புறம் அதே நுனிகள் கருகி வெள்ளையாக ஆரம்பித்தன. கேட்ட இடத்திலெல்லாம் "லைட் பர்ன், குறையுங்கள்" என்றார்கள். குறைத்தேன். இன்னும் மோசம்.

ஒரு சாயங்காலம் கேஎச் அளக்கும் கிட்டை எடுத்து உட்கார்ந்தேன். பல வருடப் பழக்கம், ஊசியில் எந்தக் கோட்டுக்கு வரும்போது நீலம் ஆரஞ்சாகும் என்று கைக்கே தெரியும். அன்றைக்குப் பாதிக்குக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கும், குப்பி ஆரஞ்சாகிவிட்டது. கிட் கெட்டுப்போனது என்று நினைத்து இன்னொன்று வாங்கி வந்து பார்த்தேன். அதிலும் அப்படியே. எட்டரை இருக்க வேண்டிய இடத்தில் ஆறுக்கும் கீழே. கடல் தண்ணீரிலேயே ஏழு பக்கம் இருக்கும்.

நடந்தது புரிகிறதா? சூடு குறைந்ததால் வற்றுவது குறைந்தது. வற்றுவது குறைந்ததால் சுண்ணாம்புத் தண்ணீர் உள்ளே போவது குறைந்தது. அதே நேரத்தில் நல்ல வெளிச்சத்தில் கோரல் வேகமாக வளர்ந்து அதிகமாகக் கேட்டது. வெளிச்சத்தின்மேல் எந்தத் தப்பும் இல்லை, வாளிதான் மெதுவாகக் காலியானது. இதை எனக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை என்ற ஆத்திரம் இன்னும் போகவில்லை. எல்லாரும் லைட்டையே பார்க்கிறார்கள்.

அடையாறு வாசி (சென்னை):

அக்ரோபோராவா! இந்தியாவில் கல் பவளம் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்பில். ஜோவாவையும் மஷ்ரூமையும் வைத்துக்கொண்டு நாங்கள் 300 பார் பற்றிப் பேசி என்ன செய்ய? சும்மா சொன்னேன் ஐயா, கோபம் வேண்டாம்.

என்னுடையது சின்ன விஷயம். விலை குறைந்த எல்இடி, படிப்படியாக ஏறும் வசதி இல்லை. டைமர் தட்டினால் இருட்டிலிருந்து ஒரே நொடியில் முழு வெளிச்சம். ஃபயர்ஃபிஷ் ஒன்று வைத்திருந்தேன், பயந்தால் தொட்டிக்கு வெளியே துள்ளிவிடும் மீன். ஒரு வாரம் கழித்து சோபாவை நகர்த்தியபோது கிடைத்தது, எறும்பு வரிசையின் முடிவில். இப்போது அறை விளக்கு முதலில், அரை மணி கழித்து டேங்க் லைட். மேலே வலை.

உப்புக்காற்று:

கோவை சார், உங்கள் பேச்சைக் கேட்டு மீட்டர் இரவல் வாங்கினேன். கொளத்தூரில் மீன் கடை வைத்திருக்கும் நண்பரிடம் இருந்தது, நீங்கள் சொன்ன 510தான். சென்சாரைக் குச்சியில் கட்டி இரண்டு லெதர் மேலும் வைத்துப் பார்த்தேன்.

தோல் உரித்த வலது பக்கம்: 95. ஒன்றுமே ஆகாத இடது பக்கம்: 210.

இப்போது சொல்லுங்கள்.

கோவைக் கடல்:

சென்சாரைச் சாய்த்துப் பிடித்தீர்களா? மட்டமாக, மேலே பார்த்தபடி இருக்க வேண்டும்.

ஒரு சாணுக்குள் 95க்கும் 210க்கும் போவது ஒற்றை எல்இடியில் சகஜம். குழல் என்பது டேங்க் நீளத்துக்குப் படுத்திருக்கும், எங்கும் ஒரே மாதிரி விழும், நிழல் விழாது. எல்இடி ஒரு புள்ளியிலிருந்து விழுகிறது. நடுவில் கொதிக்கும், ஓரத்தில் காயும், பாறைக்கு அடியில் இருட்டு. வலது லெதர் வெளிச்சம் கூடியதால் மூடவில்லை, குறைந்ததால் மூடியிருக்கலாம். குழல் இருந்தபோது அங்கே எவ்வளவு இருந்தது என்று அளக்காததால் இனி அடித்துச் சொல்ல முடியாது. தோல் உரிக்கும்போது மேலே நல்ல ஓட்டம் அடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பாசி படிந்த தோல் தானாகக் கழன்று போகும். கையால் பிய்க்காதீர்கள்.

கிள்ளான் பெரியவர்:

"சந்தேகம் வந்தால் குறையுங்கள்" என்றீர்களே தம்பி, அவர் குறைத்திருந்தால் அந்த வலது பக்கம் என்ன ஆகியிருக்கும்?

கோவைக் கடல்:

அது பொதுவாகச் சொன்னது ஐயா.

பெசன்ட் நகர் நீலம் (சென்னை):

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் கதையில் கோரலுக்கு எதுவும் ஆகவில்லை. லைட்டுக்குத்தான்.

கடலுக்குப் பக்கத்து வீடு, கேட்கவே வேண்டாம். ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும். புது எல்இடியின் முதுகில் ஒரு சின்ன விசிறி இருக்குமே, அது ஒருநாள் கிரீச் என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. நான் கவனிக்கவில்லை, சில நாள் ஓடியிருக்கும். அப்புறம் வெள்ளை எல்இடி மட்டும் ஒவ்வொன்றாக அணைந்தது. நீலம் மட்டும் எரிகிறது. கழற்றி முதுகைத் திறந்தால் விசிறி இறக்கைக்கு நடுவில் ஒரு பல்லி. முழுசாக உலர்ந்து, வாலை ஓர் இறக்கை மேல் சுற்றிக்கொண்டு, கண்கூட அப்படியே. சூட்டுக்காக உள்ளே போயிருக்கிறது. அதைக் குறட்டால் எடுத்த நிமிஷம் இன்னும் கையில் இருக்கிறது.

வாரன்டியில் கேட்டேன். பூச்சி, பல்லி சேராது என்றார்கள். விசிறி வாயில் மெல்லிய நைலான் வலை ஒட்டியிருக்கிறேன், மாதம் ஒருமுறை தூசி தட்ட வேண்டும். லைட் மாற்றுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். வயரை நேராக பிளக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். பிளக் மட்டத்துக்குக் கீழே ஒரு வளைவு விட்டு அப்புறம் மேலே ஏற்றுங்கள், உப்புத் தண்ணீர் வழிந்தால் வளைவிலேயே சொட்டிவிடும். டேங்க் இருக்கும் லைனுக்கு 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். டேங்குக்குள் கைவிடும் வீட்டில் இது இல்லாமல் எப்படித் தூங்குகிறார்களோ.

புது உப்பு (மதுரை):

வணக்கம், நான் புதிது. நீலம் மட்டும் எரிந்தால் கோரல் பிழைக்குமா?

பெசன்ட் நகர் நீலம்:

பிழைக்கும். பாசி அதிகம் குடிப்பதே நீலத்தைத்தான். ஆழம் போகப் போகக் கடலில் சிவப்பு முதலில் போய்விடும், கடைசியில் மிஞ்சுவது நீலம். டேங்க் மூன்று மாதம் அப்படியே ஓடியது, ஜோவா இன்னும் பளிச்சென்று ஆனது. வீட்டுக்கு வருகிறவர்கள்தான் "ஏன் இந்த அறையில் மதுக்கடை மாதிரி ஒரு லைட்" என்று கேட்டார்கள். அம்மாவுக்குக் கண் வலித்தது. வெள்ளை எல்இடி மாற்ற இங்கே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒருவர் இருக்கிறார், எல்இடிக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டியையும் பார்த்துத் தருகிறார். மதுரைக்கு கூரியரில் அனுப்புவாரா என்று கேட்டுச் சொல்கிறேன்.