மறு: பிடிவாதம் அல்லாத பிடிவாதத்துக்கு ஒரு சொல் வேண்டும் (செவ்வாய்க்குள்)

நண்பர்களுக்கு,

நாம் தேடுவது ஒரு பாடத்துக்கான கலைச்சொல்லை; அடம்பன் கொடியை விட்டு இறங்கலாமா? கடற்கரை மணலைப் பற்றிப் படரும் அந்தக் கொடியின் இன்னொரு பெயரான அடும்பிலிருந்துதான் ‘அடம்’ பிறந்தது என்று மூன்று நாளாக மடல்கள் வருகின்றன. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பது ஈழத்தில் ஒற்றுமைக்குச் சொல்லும் பழமொழி. அதில் பிடிவாதம் எங்கே இருக்கிறது? வடமொழி ‘ஹட’த்திலிருந்து வந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, ஹடயோகத்தில் இருப்பதும் அதுதான்.

எனக்கு வேண்டியது உளவியல் பாடத்துக்கான சொல். ஒரு சோதனையில் நோயாளியின் முன் சீட்டுகளை வைக்கிறார்கள். நிறம், வடிவம், எண்ணிக்கை, இவற்றில் எதைக் கொண்டு பிரிப்பது என்று சொல்வதில்லை; ‘சரி’, ‘தவறு’ மட்டும். நிறம்தான் என்று கண்டுபிடித்துப் பத்துச் சீட்டு சரியாக வைத்ததும், சத்தமில்லாமல் விதியை வடிவத்துக்கு மாற்றிவிடுவார்கள். சில ‘தவறு’கள் காதில் விழுந்ததும் நாம் மாறிக்கொள்வோம். மூளையின் முன்பகுதி பழுதுபட்டவர் சிவப்பைச் சிவப்போடே வைத்துக்கொண்டிருப்பார். தவறென்று தன் வாயால் சொல்லிக்கொண்டே வைப்பவரும் உண்டு. இப்படிப் பழையதிலேயே சிக்கி நிற்பதற்கு ஆங்கிலத்தில் பெர்சிவரேஷன் (perseveration) என்று பெயர்; அதற்குத்தான் தமிழ்ச் சொல் வேண்டும்.

> பிடிவாதம் என்றே எழுதுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும்.

புரியும், தவறாக. குழந்தை அடம் பிடிக்கிறது, மாடு முரண்டு பிடிக்கிறது, மாமனார் வீம்புக்கு நிற்கிறார். எல்லோருக்கும் ஏதோ வேண்டியிருக்கிறது. பிடிவாதத்தில் வாதமாவது உண்டு. இந்த மனிதரிடம் அதுவும் இல்லை, கை மட்டும் பழைய இடத்துக்குப் போகிறது.

> ‘வாதம்’ வடசொல். ‘கொண்டது விடாமை’ நம் வீட்டில் இருக்க இரவல் எதற்கு?

ஐயா, இறையனார் களவியலின் பழைய உரை அதைப் பெண்ணுக்குரிய குணமாகச் சொல்லப்படும் ‘மட’த்துக்கு இலக்கணமாகச் சொல்கிறது: ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’. பழமொழியோ அதையே மூர்க்கனுக்கும் முதலைக்கும் கொடுத்துவிட்டது. தலைவிக்கும் முதலைக்கும் பொதுவாகிப்போன தொடரை மருத்துவமனைக்கு அனுப்ப மாட்டேன். (வைராக்கியத்தின் கதை இன்னும் வேடிக்கை. பற்றின்மை என்று புறப்பட்ட சொல், தமிழுக்கு வந்து விடாப்பிடியாகிவிட்டது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.)

என் முன்மொழிவு ‘விடுபடாமை’. விடாதவர் பிடிவாதக்காரர், விடுபடாதவர் நோயாளி. இரண்டுக்கும் உள்ள தூரத்தை ‘படு’ என்ற துணைவினை சுமக்கிறது. ஐந்து பேர் சரி என்றிருக்கிறீர்கள், அதில் இருவர் களைப்பினால். நாளைக் காலை பாடத்தை அனுப்புகிறேன்.

---

மறு: மறு:

வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்வதும் இந்த நோய்தானா? ‘விடுபடுதல்’ என்றால் இன்று அச்சில் முதலில் தோன்றுவது அந்தப் பொருள்தான். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும். ‘தடமாறாமை’ இன்னும் என் கையில் இருக்கிறது. இதைச் சொல்லி நான் எழுதும் நான்காவது மடல் இது.