புதுச் சாஃப்ட்வேர் வந்தபோது நாங்கள் பட்டது

ஸ்டோர்ஸில் இருந்தவர்:

பேரேட்டை எடுத்துவிட்டு ஈ.ஆர்.பி. (சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் சாஃப்ட்வேர்) கொண்டுவந்த சமயம். ஒரு மாதம் இரண்டிலும் பதிவது, அப்புறம் பேரேட்டை மூடிவிடுவது என்று ஏற்பாடு. மூன்று மாதம் ஆகியும் மூத்த ஸ்டோர்கீப்பர் பேரேட்டை விடவில்லை. "வயசாயிடுச்சு, இனிமே எங்க கத்துக்கப்போறார்" என்று பேசிக்கொண்டோம். அப்படிப் பேசியதில் நானும் உண்டு.

ஒருநாள் ஸ்டாக் எண்ணும்போது அந்தப் பேரேட்டைப் புரட்ட வேண்டி வந்தது. ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. 'இந்த போல்ட் பெட்டிக்கு இரண்டு மூன்று குறையும், எண்ணி வாங்கு.' 'இந்த கேஸ்கெட் வெயில் பட்டால் விரிசல் விடும், கீழ்த்தட்டில் வை.' புதுத் திரையில் பொருள் எண், அளவு, தேதி, அவ்வளவுதான். இதை எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. 30 வருடமாகச் சேர்த்ததை அவர் கையாலேயே மூடி வைக்கச் சொல்லியிருக்கிறோம். மனுஷர் அடம்பிடிக்காமல் என்ன செய்வார்?

'குறிப்பு' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னோம். ப்ரோகிராமருக்கு அரை நாள் வேலை. அடுத்த வாரம் முழுக்க ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவரே அதை நிரப்பினார். பேரேடு எப்போது அலமாரிக்குப் போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

கணக்குப் பிரிவில் இருப்பவர்:

எங்களுக்குச் சிக்கல் பயிற்சியில். எல்லோரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் ஸ்லைடு ஓட்டினார்கள். "புரிஞ்சுதா?" என்றதும் எல்லாத் தலையும் ஆடியது. எங்கள் சீனியர் அக்காவும் தலையாட்டினார். அந்த ஹாலில் பாதிப் பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். அவர்கள் முன்னால் எப்படிக் கை தூக்குவார்?

மறுநாள் இன்டர்காமில் மெல்லிய குரல்: "கொஞ்சம் வந்துட்டுப் போப்பா." போய்ப் பார்த்தால் டைரியில் ஒவ்வொரு பட்டனையும் பெட்டி பெட்டியாக வரைந்து வைத்திருக்கிறார். நான்காவது பெட்டிக்கு அப்புறம் வழி தெரியவில்லை, அவ்வளவுதான். பிறகு பிரிவுக்கு ஒருவரை அரை நாள் வேலையிலிருந்து விடுவித்து, கூப்பிட்ட மேஜைக்குப் போய் உட்கார வைத்தார்கள். அந்த நேரத்தில் மேனேஜர் பக்கத்தில் வரக்கூடாது என்பதையும் சேர்த்தே கேட்டு வாங்கினோம்.

ஹெச்.ஆரில் இருந்தவர்:

ஸ்டோர்கீப்பர் கதை பழைய ஆய்வு ஒன்றை நினைவூட்டியது. அமெரிக்காவில் ஒரு பைஜாமா தொழிற்சாலையில் வேலை முறையை மாற்றிப் பார்த்து, 1948-இல் வெளியிட்டார்கள். மாற்றத்தைத் திட்டமிடுவதில் கலந்துகொண்ட குழுக்கள் சீக்கிரம் பழைய வேகத்தைத் தாண்டின. வெறுமனே அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவில் உற்பத்தி படுத்தது, 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையையும் விட்டார்கள். கம்ப்யூட்டர் அலுவலகத்துக்கு வராத காலத்திலேயே இந்தக் கதி.

என் அனுபவம் வேறு. "யாருக்கும் வேலை போகாது" என்று மேலிடம் நான்கு கூட்டத்தில் சொன்னது. ஒருவரும் நம்பவில்லை, பயிற்சிக்கும் ஆள் சேரவில்லை. ஐந்தாவது கூட்டத்தில் என் மேலதிகாரி, "இரண்டு பொறுப்பு இருக்காது. அந்த ரெண்டு பேரை எந்தப் பிரிவுக்கு மாத்துறதுன்னு இன்னும் முடிவாகலை" என்று உடைத்துச் சொல்லிவிட்டார். ஹால் அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "சரி சார், பழைய டேட்டாவை யார் ஏத்துறது?"

சாஃப்ட்வேரைப் பற்றி வந்த முதல் கேள்வி அதுதான்.