மறு: ஹெர்பெட்டாலஜிக்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம். பாம்பு, பல்லி, ஆமை, தவளை போன்றவற்றை ஆராயும் ஹெர்பெட்டாலஜி துறைக்குத் தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘ஊர்வனவியல்’ என்றால் தவளை எங்கே போகும்? அது தத்துகிறது, ஊரவில்லையே. தவளை, அரவு இரண்டையும் சேர்த்து ‘தவளரவியல்’ என்று வைக்கலாமே.

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழந்தமிழ் படித்தவர் கண்ணில் பட்டால் ‘தவள அரவு’ என்று பிரித்து வெள்ளைப் பாம்பைத் தேடக் கிளம்பிவிடுவார். ஆமையும் முதலையும் வேறு வெளியே நிற்கும். நேற்று வந்த ‘குளிர்குருதியியல்’ அதைவிட மோசம், மீனெல்லாம் உள்ளே வந்துவிடும்.

தவளைக்கு இடமில்லாத குறை மூலச்சொல்லிலேயே உண்டு. கிரேக்கத்தில் ‘ஹெர்பெட்டான்’ என்றால் ஊர்ந்து செல்வது, அவ்வளவுதான். உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் 1758இல் இதைத் தலைகீழாகச் செய்தார். பாம்பையும் ஆமையையும் தவளையோடு சேர்த்து ‘ஆம்பிபியா’ என்ற வகுப்பில் போட்டார். பிற்பாடு பிரித்துவிட்டார்கள். பரிணாம உறவைக் காட்டும் சொல் வேண்டுமென்றால் அது கிடைக்காது. இன்று உயிரோடிருப்பவற்றில் முதலைக்கு நெருங்கிய சொந்தம் பறவைகள்தான். தவளை இல்லை, பல்லிகூட இல்லை.

பிறகு ஏன் ஒரே துறை? களவேலை அப்படி. ஐப்பசி மழை இறங்கிய இரவில், 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான நம்ம மதுரை அரிட்டாபட்டிப் பக்கம் டார்ச்சோடு நடந்து பாருங்கள். கல்லைப் புரட்டினால் அரணை, கண்மாய்க்கரையில் தவளைச் சத்தம். ஒரே நடையில் இரண்டையும் பதிவு செய்யலாம். (குரலை வைத்தே தவளை இனத்தைப் பிரித்துவிடுகிறார்கள். தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!)

பாதுகாப்பு என்று வரும்போதுதான் பிரித்துப் பேச வேண்டும். தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, வயலில் அடிக்கும் மருந்து அது வழியாகவே உள்ளே போகும். முட்டைக்கு ஓடும் கிடையாது. தலைப்பிரட்டை உருமாறி முடிக்கும்வரை கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும். அரணைக்கு அந்தக் கவலை இல்லை, பாறையிடுக்கும் புதரும் போனால்தான் அதன் பிழைப்பு கெடும்.

அதனால் துறைக்கு ‘ஊர்வனவியல்’ இருக்கட்டும். களப் படிவத்தில் மட்டும் ‘இருவாழ்விகள்’, ‘ஊர்வன’ என்று தனித்தனிக் கட்டம் போடுவோம். இலங்கை நண்பர்களின் ‘ஈரூடகவாழி’ எனக்குப் பிடிக்கும், ஆனால் நம் பிள்ளைகள் பாடநூலில் படிப்பது இருவாழ்வி.

அப்புறம், மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள் வாழும் சிசிலியனை யாரும் எடுக்கவில்லையே. காலே கிடையாது, பார்க்க மண்புழு மாதிரி, ஆனால் இருவாழ்வி. போடி, கம்பம் பக்கத்து மலைத்தோட்டங்களில் அதற்கு ஊர்ப்பேர் கேள்விப்பட்டவர்கள் எழுதுங்கள். புதுச்சொல் செய்வதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.