புதுப்பிப்பு: பக்கெட் வண்டி, பழையதா புதியதா?

தெருவிளக்கு, மரக்கிளை வேலைக்குப் பழைய பக்கெட் வண்டி (ஆளைத் தொட்டியில் நிறுத்தி உயரே தூக்கும் லாரி) எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். புதுச்சேரியில் அதிகம் ஓடாத வண்டி ஒன்று விலைக்கு வந்திருந்தது.

போய்ப் பார்த்தாச்சு. நீங்கள் பலரும் சொன்னதுபோல இதில் கிலோமீட்டரை நம்பிப் பயனில்லை. நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடித்தான் ஹைட்ராலிக் பம்ப் சுற்றுகிறது. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர்தான் வயதைச் சொல்லும். அந்த மீட்டரோ வேலை செய்யவில்லை! சரி என்று கூட வந்த மெக்கானிக் பூமை (பக்கெட்டைத் தூக்கும் நீண்ட கையை) முழுதாக நீட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அசையாமல் நிற்க வேண்டிய பக்கெட் மெல்ல இறங்கியது. சிலிண்டர் சீலோ, எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டிங் வால்வோ பழுதாக இருக்கும், மாற்றிவிடலாம். ஆனால் பூம் அடியில், பெயின்ட்டுக்குக் கீழே, உப்புக்காற்றுத் துரு. பக்கத்தில் ஒரு வெல்டிங் ஒட்டு வேறு. யார், எதற்குப் போட்டது என்பதற்கு உரிமையாளரிடம் பதில் இல்லை. ஆள் ஏறி நிற்கும் பூமில் அதை நான் நம்ப மாட்டேன்.

பிஒய் (புதுச்சேரி) பதிவெண்ணைக் கடலூருக்கு மாற்ற என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு வரி என்று தனிச் செலவும் உண்டு.

ஆகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல பழைய லாரியில் புது பூம் ஏற்ற விலை கேட்டிருக்கிறேன்; ஆர்டிஓ அனுமதி வாங்க வேண்டும். ஐப்பசிக்குள் வந்தால் நல்லது, புயல் மாதங்களில்தான் மரவேலை குவியும்.